ரவுட்டர் மாற்றிய பிறகு வைஃபை பிரின்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறதா? டிரைவரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம்: புது ஃபைபர் இணைப்பு வந்து ரவுட்டர் மாறியிருக்கிறது. வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையபடியே வைத்திருக்கிறீர்கள். பிரின்டரில் நீல லைட் நிலையாக எரிகிறது. ஆனால் விண்டோஸ் லேப்டாப் ‘ஆஃப்லைன்’ என்கிறது. போனில் பிரின்டரின் பெயர் சில நேரம் தெரிகிறது, சில நேரம் காணோம். டிரைவரை (பிரின்டரை இயக்க லேப்டாப்பில் போடும் மென்பொருள்) அழித்து மறுபடி போட்டும் பலனில்லை.

டிரைவரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வைஃபை பிரின்டர் தகராறுகளில் டிரைவர் குற்றவாளியாக இருப்பது குறைவு. அதை அழித்துப் போடுவதில் ஒரு மணி நேரம் போகும், பிரச்சினை எங்கே என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. இங்கே இருப்பது இரண்டு தனித்தனி இணைப்புகள். பிரின்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் ஒன்று, லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வழியாகப் பிரின்டருக்கு இன்னொன்று. எது அறுந்திருக்கிறது என்று முதலில் பிரித்துவிட்டால் மீதி வேலை எளிது.

நீல லைட்டை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். பாஸ்வேர்டு சரி, ரவுட்டர் உள்ளே விட்டுவிட்டது என்பதை மட்டுமே அந்த லைட் சொல்லும். பிரின்டரிடம் இருக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் விலாசம்) அந்த ரவுட்டருக்குப் பொருந்துகிறதா என்று லைட்டுக்குத் தெரியாது. அதனால் முதல் வேலை, பிரின்டரின் வாயிலிருந்தே அதன் ஐபி முகவரியை வாங்குவது.

திரை உள்ள மாடல்களில் நெட்வொர்க் மெனுவில் இருக்கும். திரை இல்லாதவற்றில் ஒரு ரிப்போர்ட் அச்சிட வேண்டும். எச்பி இங்க் டேங்க் 415 போன்றவற்றில் வயர்லெஸ் பட்டனையும் தகவல் பட்டனையும் (‘ஐ’ எழுத்து போட்டது) ஒரே நேரத்தில் அழுத்தினால் வயர்லெஸ் டெஸ்ட் ரிப்போர்ட் வரும். எப்சன் எல்3250 வகையில் நெட்வொர்க் நிலையைக் காட்டும் தனி பட்டனே உண்டு. எப்சன் ரிப்போர்ட்டில் பிழை எண்ணும் சேர்ந்து வருவது பெரிய உதவி. இ-2, இ-3, இ-7 என்றால் வைஃபை பெயர் கிடைக்கவில்லை அல்லது பாஸ்வேர்டு பொருந்தவில்லை. இ-5 என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை பிரின்டருக்கு ஒத்துவரவில்லை. இ-6 என்றால் ரவுட்டரில் மேக் ஃபில்டர் (கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் வடிகட்டி) போட்டுத் தடுத்திருக்கலாம். இ-8 என்றால் ஐபி முகவரி தவறு. எந்த ரிப்போர்ட்டும் எடுக்க முடியாவிட்டால் பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் தேடுங்கள்.

ஐபி கையில் வந்ததும் லேப்டாப்பின் ஐபியோடு ஒப்பிடுங்கள். லேப்டாப் 192.168.29.12 என்று இருந்தால் பிரின்டரும் 192.168.29 என்றே தொடங்க வேண்டும். கடைசி எண் மட்டும் வேறாக இருக்கும். பிரின்டர் 0.0.0.0 என்று காட்டினால் அது வைஃபையில் சேரவே இல்லை. 169.254 என்று தொடங்கினால் வைஃபையில் சேர்ந்தது, ஆனால் ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. ரவுட்டரை அணைத்துப் போட்டு, அது முழுதாக எழுந்த பிறகு பிரின்டரை அணைத்துப் போட்டால் 169.254 பெரும்பாலும் சரியாகிவிடும்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இரண்டும் அல்ல. முன்பு யாரோ பிரின்டரில் ஐபி முகவரியைக் கையால் போட்டு வைத்திருக்கிறார்கள், உதாரணமாக 192.168.1.50 என்று. பழைய ரவுட்டர் 192.168.1 வரிசையில் இருந்தவரை அது சரி. புதுப் பெட்டி 192.168.29 வரிசையிலோ 192.168.0 வரிசையிலோ முகவரி கொடுக்கிறது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மாறாததால் பிரின்டர் தடையில்லாமல் உள்ளே வந்துவிடும், நீல லைட்டும் எரியும், ஆனால் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டே நிற்கும். பெயரைத் தேடும் அறிவிப்புகள் எல்லோருக்கும் பொதுவாகப் போகிறவை. அதனால் சில போன்களில் பெயர் தட்டுப்படக்கூடும், ஆனால் அச்சுக் கட்டளை போய்ச் சேராது.

இதைச் சரிசெய்ய பிரின்டரின் ஐபி அமைப்பை ‘ஆட்டோமேட்டிக்’ அல்லது ‘டிஎச்சிபி’ (ரவுட்டரே முகவரி கொடுக்கும் முறை) என்று மாற்ற வேண்டும். திரை இருந்தால் அங்கேயே மாற்றலாம். இல்லையென்றால் லேப்டாப்பைச் சில நிமிடம் பழைய வரிசைக்குக் கொண்டுபோகலாம். விண்டோஸில் வைஃபை பிராப்பர்ட்டீஸுக்குள் ‘ஐபி அசைன்மென்ட்’ என்பதை ‘மேனுவல்’ ஆக்கி, 192.168.1.20 என்று முகவரியும் 255.255.255.0 என்று சப்நெட் மாஸ்க்கும் கொடுங்கள் (சில விண்டோஸ் பதிப்புகளில் மாஸ்க்குக்குப் பதில் அதன் நீளத்தைக் கேட்கும், அங்கே 24 என்று கொடுங்கள்). பிறகு பிரவுசரின் முகவரிப் பட்டையில் பிரின்டரின் பழைய ஐபியை அடித்தால் அதன் சொந்தப் பக்கம் திறக்கும். நெட்வொர்க் பகுதியில் ஆட்டோமேட்டிக் என்று மாற்றிச் சேமித்ததும் தொடர்பு அறுந்தது போலத் தோன்றும். அது சரிதான், பிரின்டர் புது முகவரிக்குப் போய்விட்டது. லேப்டாப்பையும் மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பிவிடுங்கள். மறந்தால் இன்டர்நெட் வராது, அதற்கும் பிரின்டர்தான் காரணம் என்று தோன்றும்.

சில மாடல்கள் அந்தப் பக்கத்தில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அது பெரும்பாலும் பிரின்டரில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். எப்சனின் பல மாடல்களில் சீரியல் எண்தான் பாஸ்வேர்டு. ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் எச்சரித்தால் தாண்டிப் போகலாம். உங்கள் வீட்டுக்குள் இருக்கும் கருவி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழைத்தான் அது சந்தேகப்படுகிறது. இவ்வளவும் சிரமம் என்றால் பிரின்டரின் நெட்வொர்க் அமைப்பை மட்டும் ரீசெட் செய்து புதிதாக இணைக்கலாம். எச்பியின் பல மாடல்களில் வயர்லெஸ், கேன்சல் பட்டன்களைச் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் போதும். அதன் பிறகு இரண்டு மணி நேரம் வரை அமைப்பு நிலையிலேயே காத்திருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டால் ஆப் பிரின்டரைக் கண்டுபிடிக்காது, மறுபடி ரீசெட் செய்ய வேண்டும்.

இப்போது முகவரி சரி என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பின் பிரவுசரில் பிரின்டரின் புது ஐபியை அடியுங்கள். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இதுதான். பக்கம் திறந்தால் வைஃபை, ரவுட்டர், பிரின்டர் மூன்றும் நலம். பிரச்சினை முழுவதும் விண்டோஸுக்குள். திறக்கவில்லையென்றால் விண்டோஸில் எந்த பட்டனைத் தட்டியும் பயனில்லை, நெட்வொர்க்கைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கம் திறக்கவில்லை என்றால், கமாண்ட் பிராம்ப்டில் அந்த முகவரிக்குப் பிங் (அங்கே கருவி பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளை) அடித்துப் பாருங்கள். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று உங்கள் லேப்டாப்பின் சொந்த ஐபியிலிருந்தே பதில் வந்தால், அந்த முகவரியில் யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். பிரின்டர் வேறு முகவரிக்குப் போயிருக்கலாம், அல்லது நடுவில் தடை இருக்கலாம். பிங்குக்கு ஒழுங்காகப் பதில் வந்தும் பக்கம் திறக்கவில்லையா? அந்த முகவரியை வீட்டில் இன்னொரு கருவி, ஒரு டிவியோ கேமராவோ, எடுத்துக்கொண்டிருக்கலாம். பிரின்டரை அணைத்துவிட்டு மறுபடி பிங் அடியுங்கள். அப்போதும் பதில் வந்தால் சந்தேகமே இல்லை.

நடுவில் இருக்கும் தடை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பிரின்டரோ லேப்டாப்போ ‘கெஸ்ட்’ வைஃபையில் இருப்பது. கெஸ்ட் நெட்வொர்க் இன்டர்நெட்டை மட்டும் கொடுக்கும், வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாது. சாதாரண வைஃபையிலும் ‘ஏபி ஐசொலேஷன்’ அல்லது ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ என்ற பெயரில் இதே தடை போடப்பட்டிருக்கலாம்; அதை அணைக்க வேண்டும்.

இன்னொன்று, ஃபைபர் வந்த வீடுகளில் மிக அதிகம் காணப்படுவது: இரண்டு ரவுட்டர்கள். இணைய நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டியே ஒரு முழு ரவுட்டர்தான், அதற்கும் வைஃபை உண்டு. மாடிக்கு எட்டவில்லை என்று பழைய ரவுட்டரை அதோடு கேபிளில் இணைத்திருப்பார்கள். கேபிள் பழைய ரவுட்டரின் ‘வேன்’ துளையில் செருகப்பட்டிருந்தால் அதன் பின்னால் தனி நெட்வொர்க் ஒன்று உருவாகிவிடும். மாடியில் இருக்கும் பிரின்டர் 192.168.0 வரிசையிலும் கீழே லேப்டாப் 192.168.1 வரிசையிலும் இருக்கும். இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர் வைத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும்: லேப்டாப்பை மாடியில் வைத்தால் அச்சாகும், கீழே ஹாலுக்கு எடுத்துவந்தால் ஆஃப்லைன். பழைய ரவுட்டரின் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அதன் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியைப் புதுப் பெட்டியின் வரிசையில் யாரும் பயன்படுத்தாத ஒரு எண்ணுக்கு மாற்றி, கேபிளை வேன் துளையிலிருந்து எடுத்து ‘லேன்’ துளையில் செருகுங்கள். வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும்.

இனி பக்கம் திறக்கிறது, ஆனால் விண்டோஸ் மட்டும் ஆஃப்லைன் என்கிறது என்ற நிலை. விண்டோஸ் ஒவ்வொரு பிரின்டருக்கும் ஒரு ‘போர்ட்’ வைத்திருக்கிறது. பிரின்டரின் முகவரி அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். வீடு மாறியவருக்குப் பழைய வீட்டு விலாசத்திலேயே கடிதம் போட்டுக்கொண்டிருப்பது போல, அது பழைய ஐபிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்று போய் உங்கள் பிரின்டரைத் திறந்து, ‘பிரின்டர் பிராப்பர்ட்டீஸ்’ உள்ளே ‘போர்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். டிக் போட்ட வரியில் பழைய ஐபி இருந்தால் ‘ஆட் போர்ட்’ அழுத்தி, ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ தேர்ந்தெடுத்து, புது ஐபியைக் கொடுங்கள்.

அந்த வரி ‘டபிள்யூஎஸ்டி’ என்று தொடங்கினால் விண்டோஸ் பிரின்டரைத் தானாகத் தேடிப் பிடிக்கும் முறையில் இருக்கிறது என்று பொருள். அமைப்பது எளிது, ஆனால் அந்தத் தேடலுக்கான அறிவிப்பு யுடிபி 3702 என்ற நெட்வொர்க் வாசல் வழியாகப் போய் வர வேண்டும். ஃபயர்வாலோ (லேப்டாப்பின் பாதுகாப்புத் தடுப்பு) ரவுட்டரோ அதை விழுங்கினால் பிரின்டர் விழித்திருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டும். தூக்க நிலையிலிருந்து எழுந்த லேப்டாப்பில் இது அடிக்கடி நடக்கும். வீட்டுக்கோ சிறு அலுவலகத்துக்கோ நான் டபிள்யூஎஸ்டியைப் பரிந்துரைக்கவே மாட்டேன். நிலையான ஐபி, அதற்கு ஒரு டிசிபி/ஐபி போர்ட், அதுதான் ஆண்டுக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடும். ஒரு விதிவிலக்கு உண்டு: கேனான் இங்க்ஜெட்களில் போர்ட்டின் பெயர் ‘சிஎன்பிஜேஎன்பி’ என்று தொடங்கும். அது கேனானின் சொந்த முறை. அதைக் கையால் மாற்றாமல், கேனானின் அமைப்பு மென்பொருளையே மறுபடி ஓட்டிப் பிரின்டரைச் சேர்ப்பது நல்லது.

டிசிபி/ஐபி போர்ட் சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்று வருகிறதென்றால் ‘கன்ஃபிகர் போர்ட்’ திறந்து ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிரின்டர் உயிரோடு இருக்கிறதா என்று விண்டோஸ் யுடிபி 161 வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் வராவிட்டால், அச்சிடும் வழி (பெரும்பாலும் 9100) திறந்திருந்தாலும் ஆஃப்லைன் முத்திரை குத்திவிடும். இந்த ஒரு டிக் தீர்த்துவைக்கும் வழக்குகள் ஏராளம், ஆனால் யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை.

டிரைவரைப் பலமுறை போட்டிருப்பதால் உங்கள் பட்டியலில் ஒரே பிரின்டர் ‘காப்பி 1’, ‘காப்பி 2’ என்று பலவாக நிற்கும். வேலை செய்யும் ஒன்றை மட்டும் வைத்து மற்றவற்றை நீக்குங்கள். ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரின்டர்’ என்பதை அணைத்துவிட்டு, அந்த ஒன்றை டீஃபால்ட் ஆக்குங்கள். இல்லையென்றால் வேர்டிலிருந்து கொடுக்கும் அச்சு செத்துப்போன காப்பிக்குப் போய் வரிசையில் படுத்துக்கொள்ளும். ஏற்கெனவே சிக்கிய வேலைகள் அழிய மறுத்தால் ‘சர்வீசஸ்’ ஜன்னலில் ‘பிரின்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று உள்ளே போய் அந்தக் கடைசி ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. பிறகு சேவையைத் திரும்பத் தொடங்குங்கள்.

அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடும் லேப்டாப்பாக இருந்தால் அதை முதலில் துண்டித்துப் பாருங்கள். பல அலுவலக விபிஎன்கள் எல்லாப் போக்குவரத்தையும் அலுவலகத்துக்கே திருப்பிவிடும், பக்கத்து அறைப் பிரின்டர் கண்ணுக்குத் தெரியாது. ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு ‘பப்ளிக்’ என்று குறித்திருக்கலாம். வீட்டு வைஃபை என்றால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். அச்சு வருகிறது, ஸ்கேன் மட்டும் வரவில்லை என்ற புகாருக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். அச்சில் லேப்டாப் வெளியே அனுப்புகிறது. பிரின்டரின் பட்டனை அழுத்தி லேப்டாப்புக்கு ஸ்கேன் செய்யும்போது பிரின்டர் உள்ளே வர வேண்டும், ஃபயர்வால் அதைத்தான் நிறுத்துகிறது.

போனுக்கு வருவோம். போன்கள் பிரின்டரைத் தேடுவது எம்டிஎன்எஸ் என்ற பொது அறிவிப்பு முறையில், யுடிபி 5353 வழியாக. பிரின்டர் போட்டவுடன் தெரிந்து, சில நிமிடத்தில் மறைந்துபோனால் ரவுட்டரில் பொது அறிவிப்புகளை வடிகட்டும் ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். மெஷ் வைஃபை (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபை தருவது) உள்ள வீடுகளில் இது அடிக்கடி கோளாறு செய்கிறது. ஆண்ட்ராய்டில் மோப்ரியா பிரின்ட் சர்வீஸ் ஆப்பில் ஐபியைக் கையால் கொடுத்துப் பிரின்டரைச் சேர்க்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, ‘லோக்கல் நெட்வொர்க்’ பகுதியில் பிரின்டர் ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐஓஎஸ் 14-ல் வந்த இந்த அனுமதியை முதல் முறை ‘வேண்டாம்’ என்று தட்டிவிட்டால் அந்த ஆப் எப்போதும் குருடாகவே இருக்கும். பிரின்டரைப் புதிதாக அமைக்கும்போது லொகேஷனை ஆன் செய்து, மொபைல் டேட்டாவை ஆஃப் செய்யுங்கள். அமைக்கும் சில நொடிகள் போன் பிரின்டரின் தற்காலிக வைஃபையில் சேர வேண்டும். அதில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் டேட்டாவுக்குத் தாவிவிடும், அமைப்பு பாதியில் அறுந்துபோகும்.

ரீசெட் செய்தபின் பிரின்டர் வைஃபையிலேயே சேரவில்லையென்றால் அது வேறு கதை. எப்சன் எல்3250, கேனான் ஜி3000, எச்பி இங்க் டேங்க் 415 எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். புது ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கலந்து தருகின்றன, அமைக்கும் நேரத்தில் அது குழப்பும். ரவுட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, போனையும் அதிலேயே வைத்து அமையுங்கள்; முடிந்தபின் லேப்டாப் 5-ல் இருந்தாலும் அச்சாகும், ஏனென்றால் இரண்டும் ஒரே நெட்வொர்க்தான். ரவுட்டரின் பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ3’ மட்டும் என்றிருந்தால் பழைய பிரின்டர்கள் சேரவே முடியாது. ‘டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்’ வையுங்கள். இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையும் சில பிரின்டர்களுக்கு ஒத்துவருவதில்லை. 2.4-ன் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிலைநிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். வைஃபை பெயரில் எமோஜியும் விசித்திரக் குறிகளும் வேண்டாம். டபிள்யூபிஎஸ் பட்டன் முறையில் இணைப்பதானால் ரவுட்டரில் அழுத்திய இரண்டு நிமிடத்துக்குள் பிரின்டரிலும் அழுத்தியாக வேண்டும்.

சேர்ந்த பிறகு, திரும்ப இந்த நிலை வராமல் இருக்க, ஐபியைப் பிரின்டரில் கையால் போடாதீர்கள். ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டேட்டிக் டிஎச்சிபி’ என்ற பகுதியில், ரிப்போர்ட்டில் உள்ள மேக் முகவரியைக் கொடுத்து ஒரு ஐபியை ஒதுக்குங்கள். அப்போது பிரின்டர் ஆட்டோமேட்டிக்கில் இருந்தபடியே எப்போதும் அதே முகவரியைப் பெறும். மறுபடி ரவுட்டர் மாறினாலும் பழைய எண்ணோடு மாட்டிக்கொள்ளாது. விண்டோஸ் போர்ட்டில் மட்டும் எண்ணை மாற்றினால் போதும்.

கரன்ட் போய் வரும் இடங்களில் ஒரு கூடுதல் விஷயம். ஃபைபர் பெட்டி முழுதாக எழச் சில நிமிடம் பிடிக்கும். பிரின்டர் அதற்கு முன்பே எழுந்து, தேடிப் பார்த்துவிட்டு 169.254-ல் உட்கார்ந்துவிடும். ரவுட்டரை மட்டும் ஒரு சிறு யுபிஎஸ்ஸில் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். இங்க்ஜெட்டை அப்படி வைக்கத் தேவையில்லை. பிரின்டரை இரும்புப் பீரோவுக்குப் பின்னாலோ தரையோரம் காங்கிரீட் தூணுக்கு மறுபக்கமோ வைத்திருந்தால், ரிப்போர்ட்டில் உள்ள சிக்னல் அளவைப் பார்த்துவிட்டு, இடத்தை மாற்றி இன்னொரு ரிப்போர்ட் எடுத்து ஒப்பிடுங்கள்.

வீட்டில் ரவுட்டரே இல்லாமல் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்களுக்கு வைஃபை டைரக்ட்தான் நல்லது. பிரின்டரே ஒரு வைஃபை பெயரைக் கொடுக்கும், அதில் லேப்டாப்பை நேரடியாகச் சேர்த்து அச்சிடலாம். எச்பியில் அப்போது பிரின்டரின் பக்கம் 192.168.223.1-ல் திறக்கும். அந்த நேரம் லேப்டாப்பில் இன்டர்நெட் வராது என்பதால் கோப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐபோன் ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்த வேண்டுமென்றால் ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை ஆன் செய்யுங்கள், அப்போதுதான் 2.4-ல் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரிப்போர்ட்டில் எந்த வைஃபை பெயருமே தட்டுப்படவில்லை, பக்கத்தில் ரவுட்டரை வைத்தும் காணவில்லை, போனின் ஹாட்ஸ்பாட்டையும் பார்க்கவில்லை என்றால் பிரின்டரின் வைஃபை கார்டு செத்திருக்கலாம். வாரன்டி இருந்தால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். வாரன்டி முடிந்திருந்தால், பழுதுபார்ப்புச் செலவைக் கேட்கும் முன், சதுர முனையுள்ள யுஎஸ்பி பிரின்டர் கேபிள் ஒன்றை வாங்கிச் செருகிப் பாருங்கள். இரண்டு மீட்டர் போதும், ஐந்து மீட்டருக்கு மேல் போக வேண்டாம். கேபிளில் அச்சு ஒழுங்காக வந்தால், எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் அதை மாட்டி, பிரின்டர் பிராப்பர்ட்டீஸில் ‘ஷேரிங்’ ஆன் செய்துவிட்டால் வீட்டின் மற்ற விண்டோஸ் லேப்டாப்களிலிருந்தும் அச்சிடலாம்.